மனசு சரியில்லாத நாளில் சேர்ந்து பாடப் போவது எப்படி?

மனசு சரியில்லை என்று யாரிடமாவது சொன்னால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் படு. கோவிலுக்குப் போய்விட்டு வா. ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வா. எல்லாமே நல்ல யோசனைதான். அவற்றோடு நான் இன்னொன்றைச் சேர்ப்பேன்: பத்துப் பேர் ஒன்றாகப் பாடுகிற இடத்துக்குப் போய், அவர்களோடு ஒரு மணி நேரம் வாய்விட்டுப் பாடிவிட்டு வாருங்கள்.

குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ராகம், தாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மனசு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எரிச்சலாக இருந்தால் எரிச்சலோடு, அழுகையாக இருந்தால் அழுகையோடு, இருக்கிறபடியே கிளம்ப வேண்டும். வேல்ஸ் நாட்டில் புற்றுநோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்களும் சேர்ந்து பாடுகிற ஐந்து குழுக்களில் 193 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2016-இல் வெளியானது. ஒரு மணி நேரம் பாடி முடித்ததும், மன அழுத்தத்தோடு ஏறி இறங்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அவர்கள் எச்சிலில் குறைந்திருந்தது, மனநிலையும் தேறியிருந்தது. அதிகம் தேறியவர்கள் யார் என்று பார்த்தால், வரும்போதே மிகவும் துவண்டு வந்தவர்கள்.

எதற்குக் கைகொடுக்கும், எதற்குப் போதாது

வீட்டில் சண்டை, ஆபீஸில் வாங்கிய ஏச்சு, பட்டுக்கூடு விலை இறங்கிப்போன நாள், பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு வீட்டில் கவிகிற வெறுமை, காரணமே பிடிபடாத கடுப்பு. இவற்றுக்கெல்லாம் கூடிப் பாடுவது நன்றாகவே கைகொடுக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வருகிறது என்றால் பாட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தருமபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. போய் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சீட்டு வாங்குங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே பாடவும் போகலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருந்த 134 தாய்மார்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. பத்து வாரம் குழந்தையோடு வந்து சேர்ந்து பாடியவர்களில், சோர்வு அதிகமாக இருந்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். அங்கேயும் பாட்டு, வழக்கமான கவனிப்புக்கு மேலே சேர்த்துக் கொடுத்ததுதான்.

குழுவைத் தேடுவது

நம் இரண்டு மாவட்டங்களிலும் கூடிப் பாடுகிற இடங்களுக்குக் குறைச்சல் இல்லை. பல ஊர்களில் ஒரு பஜனைக் கோவில் இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமையும் மார்கழி விடியற்காலையும் அங்கே ஜால்ரா சத்தம் கேட்காமல் இருக்காது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பஜனை. மாலை போடாதவர்களும் பின்னால் உட்கார்ந்து சரணம் சொல்லலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். மாரியம்மன் பண்டிகையில் கும்மி. கிறிஸ்தவர்கள் என்றால் தேடவே வேண்டாம். 1997-இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்துக்குள்தான் இரண்டு மாவட்டங்களும் வருகின்றன. கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்களும் இதில்தான். பாடகர் குழுவில் சேர வேண்டும் என்று பங்குத்தந்தையிடமோ கீபோர்டு வாசிப்பவரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயிற்சி எந்தக் கிழமை என்று சொல்லிவிடுவார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் பாடும் பஜனைகள் உண்டு. மொழி புரியாவிட்டாலும் திருப்பிப் பாடுவதில் ஒன்றும் கஷ்டம் இல்லை.

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசையும் தேவாரமும் முறையாகக் கற்க நினைக்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். ஆனால் வகுப்பு வேறு, கூடிப் பாடுவது வேறு. மனசு ஆறுவதற்குப் போகிறவருக்கு வாத்தியாரும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம்.

இத்தனையில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது, எல்லாரும் பாடுகிறார்களா என்பதைத்தான். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தால் அது கச்சேரி. கேட்க நன்றாக இருக்கும், நமக்கு வேண்டியது அது இல்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஓர் அமெச்சூர் பாடகர் குழுவை ஒரு நாள் பாட வைத்தும், இன்னொரு நாள் அதே இசையைக் கேட்க மட்டும் வைத்தும் சோதித்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், பாடிய அன்று உற்சாகம் கூடியது, கசப்பு குறைந்தது. கேட்க மட்டும் செய்த அன்று கசப்பு கூடியிருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது இறந்தவர்களுக்காகப் பாடும் துயரமான இசை. அதையே தாங்கள் பாடியபோது மனசு லேசாகியிருக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு சோகப் பாட்டாகக் கேட்டு இன்னும் கீழே இறங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

அடுத்தது, ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் முறை இருக்கிறதா என்று பாருங்கள். நாமாவளி, சரண கோஷம், கும்மி எல்லாம் இந்த வகை. புதிதாக வருகிறவருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. புத்தகம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம், முந்தின வரியைக் கேட்டால் போதும். கேட்டு உடனே திருப்ப வேண்டியிருப்பதால் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை அசைபோட இடமே கிடைக்காது.

அப்புறம் பஸ். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பென்னாகரத்தில் இருப்பவர் தருமபுரி டவுனில் உள்ள குழுவைப் பிடித்தால் முதல் இரண்டு வாரம் ஆசையாகப் போவார், மூன்றாவது வாரம் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே பாடுவார். நடந்து போகிற தூரத்தில் சுமாரான குழு இருந்தாலும் அதுவே மேல்.

முதல் நாள்

கொஞ்சம் முன்னதாகப் போய்விடுங்கள். நடுவில் நுழைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தக் கூச்சத்திலேயே வாய் அடைத்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். களி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து மூச்சு இழுக்க முடியாது. தண்ணீர் பாட்டில் ஒன்று. போன் சைலண்டில்.

யாராவது பெரியவரிடம், "அண்ணா, நானும் உட்காரலாமா? பாடத் தெரியாது, கூடச் சேர்ந்து சொல்கிறேன்" என்று கேளுங்கள். பெண்கள் பகுதியில் இருக்கும் ஒரு அக்காவிடமும் இப்படியே கேட்கலாம். மனசு சரியில்லாமல் வந்திருக்கிறேன் என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பேசாமலே சேர்ந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் வயது வந்தோர் கல்வி வகுப்புகளில் ஏழு மாதம் கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. பாட்டு வகுப்பில் இருந்தவர்கள், கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் ஒருவருக்கொருவர் நெருக்கமானார்கள். மற்ற வகுப்புக்காரர்களும் நாளடைவில் நெருங்கினார்கள். பாடியவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள்.

உட்காரும் இடம் முக்கியம். கடைசி வரிசைச் சுவர் ஓரம் வேண்டாம். அங்கே உங்கள் குரல் மட்டும்தான் உங்களுக்குக் கேட்கும், அதைக் கேட்டே பயம் வரும். இரண்டாவது வரிசையில், தடுமாறாமல் பாடுகிற ஒருவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கணீரென்று பாடுகிறவர் வேண்டாம், சுருதி விலகாமல் நிதானமாகப் பாடுகிறவரே நல்ல துணை. அவர் குரல் உங்கள் காதில் விழ வேண்டும், உங்கள் குரல் அவர் குரலுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். முதல் பாட்டு முழுவதும் வாயை மூடி ம்ம்ம் என்று முனகினாலே போதும். இரண்டாவதில் பல்லவி மட்டும். மூன்றாவதில் தானாக வாய் திறக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து பஜனை ஒன்றில் நான் கவனித்த ஒரு விவசாயியைச் சொல்ல வேண்டும். பட்டுக்கூட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார், விலை கட்டவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பாட்டு முடியும்வரை உதடு அசையவில்லை. மூன்றாவது நாமாவளி, இரண்டே சொல். அதற்கு முதலில் அவருடைய கால் கட்டைவிரல்தான் தாளம் போட்டது. கட்டியிருந்த கை எப்போது பிரிந்தது என்று தெரியவில்லை, பார்த்தபோது தட்டிக்கொண்டிருந்தார். ஆரத்தி சமயத்தில் அவர் குரல் ஜால்ராவுக்கு மேலே கேட்டது. முகத்தில் சிரிப்பு ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் சுண்டல் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் அன்றைய விலையைப் பற்றி அவராகவே பேச ஆரம்பித்தார். முதல் நாளில் இவ்வளவு நடந்தால் தாராளம்.

மூச்சு

கூடிப் பாடுவதில் பாதி வேலை மூச்சில் நடக்கிறது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். கோபத்திலும் பதற்றத்திலும் அது இன்னும் வேகமாகி, நெஞ்சு மேலேயே நின்றுவிடும். பாடும்போது சட்டென்று இழுத்து, ஒரு வரி முழுக்க நிதானமாக விட வேண்டியிருக்கிறது. நீளமாக வெளியே விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும், உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு வழியாக. இத்தாலியில் 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் ஒரு மந்திரமும் சொல்ல வைத்து அளந்து பார்த்தார்கள். ஆய்வு 2001-இல் வெளியானது. எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு இறங்கி, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதே லயத்தில் ஏறி இறங்கின. ஸ்வீடனில் 2013-இல் வெளியான ஆய்வில் பள்ளி மாணவர்கள் சேர்ந்து பாடினார்கள். அவர்களுடைய இதயத் துடிப்பு ஒரே சமயத்தில் கூடி, ஒரே சமயத்தில் குறைந்தது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கும் மெதுவான பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சம்மணம் போட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு நிமிர்ந்திருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும். வயிற்றில் ஒரு கையை வையுங்கள். மூச்சு எடுக்கும்போது அந்தக் கை வெளியே வர வேண்டும், தோள் ஏறக் கூடாது. வரியின் முதல் சொல்லிலேயே காற்றை எல்லாம் கொட்டிவிடாமல் கடைசி எழுத்து வரை மிச்சம் வைத்துப் பாடுங்கள். நடுவில் மூச்சு தீர்ந்துவிட்டால் தயங்காமல் நிறுத்தி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வரியைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள், நீங்கள் விட்ட இடம் யாருக்கும் தெரியாது. அவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் பிடியுங்கள். தனியாகப் பாடும்போது கிடைக்காத சுகம் இது. என் குறை யாருக்கும் தெரியாமல் இன்னொருவர் குரலில் நிரம்புகிறது என்று உடம்புக்கே புரிந்துவிடும்.

சுருதி விஷயம் கொஞ்சம். சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சௌகரியம். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் எதை வைத்தாலும் ஒரு தரப்புக்கு இடிக்கும். எட்டவில்லை என்றால் கத்தாதீர்கள். அந்த வரியைக் கீழ் ஸ்தாயியில் பாடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு வரிக்கு மட்டும் முனகுங்கள். தொண்டை கட்டினால் அடுத்த வாரம் வராமல் இருக்க அதுவே சாக்காகிவிடும்.

பாட்டின் வரிசை

துவண்டு கிடக்கிறவர் முன்னால் எடுத்தவுடனே துள்ளல் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். முதலில் இருக்கும் மனநிலையோடு ஒத்துப்போகிற இசையை எடுத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது இசை சிகிச்சை செய்பவர்கள் கைக்கொள்ளும் முறை. நல்ல பஜனைக் குழுக்கள் இதை யாரும் சொல்லாமலே செய்கின்றன. ஆரம்பத்தில் நிதானமாக இரண்டு பாட்டு, நடுவில் மத்திம காலம் என்கிற நடுத்தர வேகம், அப்புறம் கைதட்டலோடு வேகமாக நாமாவளி, முடிவில் மறுபடி அடங்கி மங்களம். ஆகவே வேகப் பாட்டு வரும்போதுதான் போவேன் என்று தாமதமாகப் போகாதீர்கள், முடிவதற்கு முன்னால் எழுந்தும் வந்துவிடாதீர்கள். வேகத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் பிடிக்க நேரமாகும்.

பாடும்போது அழுகை வந்தால் வரட்டும். முந்தானையாலோ துண்டாலோ துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் பிடியுங்கள். நம் ஊர்களில் ஒப்பாரியைக் கூட்டமாகத்தான் பாடியிருக்கிறார்கள், கூடி அழுவது ஒன்றும் புதிதல்ல. பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடுவார். அது உங்களை மறைக்கத்தான்.

குழு இல்லாத ஊரில்

மகளிர் குழு இல்லாத ஊர் அநேகமாக இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் முதலில் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. ஒரே தெருப் பெண்கள், முறையான கூட்டம், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம், எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. சேமிப்புக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் பாட்டு என்று வைத்துக்கொண்டால் குழு தயார். நாற்று நடவுப் பாட்டோ கும்மிப் பாட்டோ நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டி எந்தத் தெருவிலும் கிடைப்பார். அவரையே அடி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கடன் வசூல் பேச்சு காரமாகப் போன அன்றைக்கு அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடவே கூடாது.

ஆண்களும் சேர்ந்த குழு என்றால் ஆறேழு பேர் போதும். மூன்று பேர் என்றால் ஒவ்வொருவர் குரலும் தனியாகத் தெரிந்து கூச்சம் வரும். இடத்துக்குப் பஜனைக் கோவில் திண்ணை, மொட்டை மாடி, அனுமதி கிடைத்தால் பள்ளிக்கூட வராந்தா. சுருதிக்குப் போனிலேயே தம்புரா ஆப் இருக்கிறது. ஜால்ரா ஒரு ஜோடி. ஹார்மோனியம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டு ஐந்தாறு எடுத்து அதையே ஒரு மாதம் திரும்பத் திரும்பப் பாடுங்கள். புதுப் பாட்டு கற்றுக்கொடுக்கும் அவசரம்தான் பல குழுக்களைக் கலைக்கிறது.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். யாரும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. பெயர் சொல்லித் திருத்தக் கூடாது. சுருதி விலகினால் பொதுவாக, "இன்னொரு தடவை கேட்டுட்டுப் பாடலாம்" என்றால் போதும். தனியாகப் பாட ஆசைப்படுகிறவருக்கு வேறு மேடை தேடிக் கொடுங்கள், இங்கே வேண்டாம். சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள். முடிந்ததும் டீயோ சுண்டலோ இருந்தால் நல்லது, பேச்சு அங்கேதான் வரும்.

எப்போது தொடங்கலாம்

ஒரே ஒரு தடவை போய்விட்டு மனசு மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பாட்டு வாயில் படிய, பக்கத்தில் இருப்பவர் முகம் பழக, மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் போய் வந்தால் கசப்பாக இருக்கிறது, யார் பெரியவர் என்ற போட்டியே நடக்கிறது என்றால் குழுவை மாற்றுங்கள், பாட்டை விடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் கேரலுக்கு நவம்பரிலேயே பயிற்சி தொடங்கிவிடும், புதியவர்களைத் தேடிச் சேர்ப்பதும் அப்போதுதான். மார்கழி பஜனைக்குப் போகிறவர்கள் முதல் தேதியே போய்விடுவது நல்லது, எல்லாரும் புதிதாகத் தொடங்கும் நாள் அது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அந்த நேரத்தில் பனி கடுமையாக இருக்கும். காதைச் சுற்றி மப்ளர், பாட்டிலில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நடந்துகொண்டே பாடுவதால் முதல் பத்து நிமிடம் சத்தம் போடாமல் முனகியே வாருங்கள். தொண்டை சூடேறிய பிறகு நன்றாக வாயைத் திறந்து பாடலாம்.